சென்சர் மாற்றியும் அணையாத எஞ்சின் விளக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை பழைய டபுள் கெப் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேரிடம் ஒரே கதைதான் இருக்கும். டெஷ்போட்டில் எஞ்சின் விளக்கு எரிந்தது. கராஜுக்குக் கொண்டுபோய் ஸ்கேனரைக் குத்தினார்கள், ஒரு சென்சரின் பெயர் வந்தது. அதை வாங்கிப் போட்டு, பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை, அதாவது கோட்டை, அழித்து அனுப்பினார்கள். இரண்டு கிழமை கூட ஆகவில்லை. "காக்கா, புதுசு வாங்கிப் போட்டோமே, லைட் திரும்பவும் எரியுது" என்று வாகனக்காரர் வந்து நிற்கிறார். அப்புறம் இன்னொரு சென்சர், அதற்கும் சரிவராவிட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ மேல் சந்தேகம். இதற்குள் செலவழிந்த காசில் வாகனத்தின் வயரிங் முழுவதையும் ஒழுங்காகச் சோதித்து முடித்திருக்கலாம்.

கோட் என்பது என்ன சொல்கிறது என்பதில் இருந்துதான் இந்தச் சிக்கல் தொடங்குகிறது. பி0335 என்று வந்தால், எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கோடின் முழு விளக்கத்தை வாசித்தால் கிராங்க் சென்சர் சுற்றில் பிழை என்றுதான் இருக்கும். சுற்று என்றால் சென்சர், அதன் சொக்கட், அங்கிருந்து ஈசியூ வரை ஓடும் வயர், நடுவில் உள்ள இணைப்புகள், பெட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழியான எர்த், ஈசியூவில் வயர் சேரும் முள் (பின்) எல்லாம் சேர்ந்தது. ஈசியூ இருட்டில் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போன்றது. மறுநுனியில் இருப்பவர் விட்டுவிட்டாரா, கயிறு நடுவில் அறுந்ததா என்று அதற்குத் தெரியாது. தன் பின்னில் வரவேண்டிய மின்னழுத்தம் வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உப்பும் வெள்ளமும் எலியும் உள்ள இந்தக் கரையில் சென்சரை விட வயர்தான் முதலில் சாகிறது என்பது என் உறுதியான எண்ணம். சோதனையும் அந்த ஒழுங்கில்தான் போகவேண்டும்.

இந்த வாகனங்கள் ஏன் இன்னும் இத்தனை ஓடுகின்றன என்பதையும் சொல்லவேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிறுவனங்களின் பெயர் ஒட்டி இந்தப் பாதைகளில் ஓடித்திரிந்த டபுள் கெப்களை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து ஹைலக்ஸ், எல்200, நவாரா எல்லாம் இன்று வயல், மீன், கட்டடச் சாமான் என்று உழைக்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் விலை எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே பதினைந்து, இருபது வயது வாகனத்தைத் திருத்தித் திருத்தித்தான் ஓட்டவேண்டும். அதற்கு முந்தைய டொயோட்டாவின் 3எல், 5எல் எஞ்சின்களில் மெக்கானிக்கல் பம்ப் இருந்தது. டீசலும் காற்றும் கம்பிரஷனும் சரியாக இருந்தால் அது ஓடும். ஹைலக்ஸின் 2கேடி, எல்200-இன் புதிய 4டி56 போன்ற எஞ்சின்கள் கொமன் ரெயிலோடு, அதாவது உயரழுத்த டீசலை ஒரே குழாயில் தேக்கிப் பகிரும் முறையோடு வந்ததும், டீசலைப் பீச்சும் ஊசி எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்று முடிவெடுப்பது ஈசியூ ஆகிவிட்டது. சென்சர் தரும் தகவல் பிழைத்தால் முடிவும் பிழைக்கும். நம் ஊர்களின் திறமான மெக்கானிக் பாஸ்மார் பலர் காதாலும் கையாலும் எஞ்சினைப் படித்துப் பழகியவர்கள். மின்னழுத்தப் பிழைக்குச் சத்தம் கிடையாது, அதை மீட்டர்தான் காட்டும்.

நல்ல ஸ்கேனர் கையில் இருந்தால் கோடைப் பார்ப்பதற்கு முன்னால் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பணச்செலவே இல்லை. இரவு முழுக்க நின்ற வாகனத்தை விடியற்காலையில், ஸ்டார்ட் பண்ணாமல், சாவியை மட்டும் ஓன் நிலைக்குத் திருப்பி அளவுகளைப் பாருங்கள். எஞ்சின் தண்ணீரின் வெப்பம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், டீசலின் வெப்பம் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். மட்டக்களப்பில் விடிகாலை 26 பாகை என்றால் மூன்றும் அதையொட்டித்தான் நிற்கும். ஒன்று மட்டும் 10 பாகை விலகி நின்றால் அந்தச் சுற்றில்தான் ஏதோ இருக்கிறது. டர்போ அழுத்தச் சென்சருக்கும் இதே மாதிரி ஒரு வசதி உண்டு. எஞ்சின் நிற்கும்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் அது 100 அல்லது 101 கிலோபாஸ்கல் காட்டவேண்டும். மலைமேல் உள்ள நுவரெலியாவில் அதே சென்சர் 80 சொச்சம் காட்டினால் சரி, கல்முனையில் 85 காட்டினால் சரியில்லை. ரெயில் அழுத்தம் பூச்சியத்தையொட்டி இருக்கவேண்டும், ஏனென்றால் இரவு முழுக்க நின்ற ரெயிலில் அழுத்தம் தங்காது. இந்த ஐந்து நிமிடத்தில் பாதிச் சென்சர்கள் சந்தேகத்திலிருந்து நீங்கிவிடும்.

வெப்பச் சென்சரைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். அது விளங்கினால் மற்றவை இலகு.

தண்ணீர் வெப்பச் சென்சரில் இரண்டு வயர்தான். உள்ளே இருப்பது சூடு ஏறும்போது மின்தடை குறைகின்ற ஒரு துண்டு. டொயோட்டாக்களில் 20 பாகையில் அது ஏறத்தாழ 2,500 ஓம், 60 பாகையில் 600 ஓம், 80 பாகையில் 300 ஓம். ஈசியூ தன்னுள்ளே இருக்கும் ஒரு தடை வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, சென்சரின் தடைக்கேற்ப அது எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்கிறது. சொக்கட்டைக் கழற்றிவிட்டால் இறங்க வழியில்லை. முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும், ஸ்கேனர் கழித்தல் 40 பாகை காட்டும். சொக்கட்டின் இரண்டு பின்களையும் ஒரு சின்ன வயரால் இணைத்தால் வோல்ட் பூச்சியத்துக்கு இறங்கி, 140 பாகையளவு காட்டும். மட்டக்களப்பில் கழித்தல் 40 பாகை வர வழியே இல்லை. ஆகவே அந்த எண்ணைக் கண்டாலே எங்கோ வயர் விட்டுவிட்டது என்று அர்த்தம்.

சோதனையும் இதற்குள்ளேயே இருக்கிறது. கழற்றினால் கழித்தல் 40, இணைத்தால் 140 என்று மாறினால் வயரும் ஈசியூவும் நல்லது, சென்சர்தான் பழுது. இணைத்த பிறகும் கழித்தல் 40-லேயே நின்றால் சென்சர் மேல் குற்றமில்லை, வயர் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது சிக்னல் வயரை மட்டும் எஞ்சின் உடம்பில் தொட்டுப் பாருங்கள். 140 வந்தால் அறுந்தது எர்த் வயர். வராவிட்டால் சிக்னல் வயர். ஒரு துண்டு வயரும் ஐந்து நிமிடமும் போதும். ஆனால் கவனம், இப்படி இணைத்துப் பார்ப்பது இரண்டு வயர் உள்ள வெப்பச் சென்சர்களுக்கு மட்டும். மூன்று வயர் உள்ளவற்றில் ஒன்று 5 வோல்ட் லைன். அதை எர்த்தில் முட்டவைத்தால் புதிதாக ஒரு பிழையை நாமே உண்டாக்குவோம்.

இனி உப்பின் வேலையைப் பாருங்கள். சொக்கட்டுக்குள் பச்சை பூத்து, அந்த இடத்தில் 300 ஓம் தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்சரின் தடை 2,000 ஓமுக்கு மேல். அதோடு 300 சேர்ந்தால் வித்தியாசம் சில பாகைதான், யாருக்கும் தெரியாது. எஞ்சின் 80 பாகைக்கு வந்த பிறகு சென்சர் 300, பூப்பு 300, மொத்தம் 600 ஓம். ஈசியூவின் கணக்கில் எஞ்சின் 60 பாகையில்தான் இருக்கிறது. இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, சூடாகாத எஞ்சினுக்குக் கொடுக்கவேண்டிய அளவில் டீசலையும் நேரத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். டீசல் கூடச் செலவாகும், புகை வரும், ஐட்லிங், அதாவது மிதிக்காமல் ஓடும் வேகம், சரியாக இறங்காது. விளக்கு எரியாது. 60 பாகை என்பது நடக்கக்கூடிய எண் என்பதால் ஈசியூவுக்குச் சந்தேகம் வரக் காரணமில்லை. "கோட் ஒன்றும் இல்லை, ஆனால் வாகனம் டீசல் குடிக்குது" என்று வருகிறவர்களின் வாகனத்தில் தேர்மோஸ்டாட்டை மாற்றுவதற்கு முன் இதைப் பார்க்கவேண்டும்.

உப்புக்காற்று காத்தான்குடியிலும் கல்லடியிலும் வீட்டுக் கதவுப் பிணைச்சல்களை என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியும். வாகனத்துக்குள் அது செய்வது கண்ணுக்குப் படாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எழுவான்கரையில் நிற்கிற வாகனத்துக்கு இரண்டு பக்கமும் ஈரம். மீன் ஏற்றும் பிக்கப் என்றால் இன்னும் மோசம். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பின்தட்டிலிருந்து சொட்டிச் சேஸி வழியாக ஓடும் வயரிங்கில் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு வயரின் உறையில் சின்னக் கீறல் இருந்தால் போதும். செம்பு இழைகளுக்கு நடுவால் ஈரம் உள்ளே ஏறிப் போகும். வெளியே உறை புத்தம் புதிதாக இருக்க, உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகிவிடும். ஆகவே சொக்கட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வயர் நல்லது என்று சொல்லமுடியாது. சொக்கட்டுக்குப் பின்னால் வயரை விரலால் நசுக்கி மெதுவாக இழுத்துப் பார்க்கவேண்டும். நல்ல வயர் விறைப்பாக இருக்கும். உள்ளே செத்த வயர் இழுபட்டு நீளும், அல்லது மொறுமொறுவென்று நொறுங்குவது விரலுக்குத் தெரியும்.

அடுத்தது எர்த். எல்லாச் சென்சரும் தன் அளவை எர்த்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. எஞ்சினுக்கும் வாகனத்தின் பொடிக்கும் (உடற்கூட்டுக்கும்), அந்தப் பொடிக்கும் பெட்டரிக்கும் இடையில் உள்ள தடித்த வயர்களின் போல்ட்டுகளுக்குக் கீழே துரு ஏறினால், ஈசியூ பூச்சியம் என்று நினைப்பது உண்மையில் பூச்சியமாக இருக்காது. அதனால் ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல சென்சர்களின் கோட் வரும், லைட் போட்டால் ஒரு மாதிரி, ஏசி போட்டால் இன்னொரு மாதிரி என்று வாகனம் நடந்துகொள்ளும். இதை ஓம் மீட்டரால் பிடிக்க முடியாது. முப்பது இழையில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் பூச்சியம்தான் காட்டும், ஏனென்றால் அது அனுப்பும் மின்சாரம் மிகச் சொற்பம். எஞ்சினை ஓடவிட்டு, பெரிய லைட்டையும் ஏசி பேனையும் போட்டுவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை எஞ்சின் உடம்பிலும் மறுமுனையைப் பெட்டரியின் மைனஸிலும் பிடியுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. 0.2-க்கு மேல் போனால் அந்த வழியில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டவேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.5 வரை வரலாம், அதற்கு மேல் கூடாது. சென்சர்களுக்குப் போகும் மெல்லிய வயரைச் சந்தேகித்தால் சொக்கட்டை இரு முனையிலும் கழற்றிவிட்டு, அந்த வயர் வழியாக ஒரு 21 வாட் சிக்னல் பல்பை எரியவைத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 1.75 அம்பியர் ஓடும். நல்ல வயர் என்றால் பல்ப் பளிச்சென்று எரியும். ஓரிரு இழை மட்டும் மிஞ்சிய வயர் என்றால் பல்ப் மங்கலாகும். ஈசியூவைக் கழற்றாமல் இந்தப் பல்ப் சோதனையைச் செய்யவே கூடாது.

பெட்டரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டர்னேட்டரையும் இதோடு பார்த்துவிடலாம். ஓடும் எஞ்சினில் பெட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட். மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்கு மாற்றிப் பிடித்தால் 0.5-க்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் உள்ளே டயோட் ஒன்று போயிருக்கிறது. அந்த மின் அலைவு எல்லாச் சிக்னலிலும் ஏறி, கிராங்க் சென்சர், கேம் சென்சர் என்று கோட் மேல் கோடாக வரும்.

மூன்று நான்கு சென்சர்களின் கோட் ஒன்றாக வந்தால் இன்னொரு சந்தேகமும் வரவேண்டும். ஈசியூ அனுப்பும் 5 வோல்ட் லைனைப் பல சென்சர்கள் பகிர்ந்துகொள்கின்றன. ரெயில் அழுத்தம், டர்போ அழுத்தம், அக்சிலேட்டர் போன்றவை அதில் வரும். அதில் ஒன்று உள்ளுக்குள் சோர்ட் ஆனாலும் லைன் முழுவதும் சரிந்து, நல்ல சென்சர்களும் பொய் சொல்லத் தொடங்கும். ஒரு சொக்கட்டில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப எழும்புகிறதோ அதுதான் குற்றவாளி, அல்லது அதற்குப் போகும் வயர். நான்கு சென்சர் வாங்கவேண்டிய இடத்தில் ஒன்றோடு முடிந்துவிடும்.

கிராங்க் சென்சருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்கு நடு வெயிலில், கச்சான் காற்று அனலாக அடிக்கும் நேரத்தில் ஓடும் வாகனம் கோமாரிப் பக்கம் திடீரென்று நின்றுவிடும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரைமணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். காந்தச் சுருள் வகைச் சென்சர் சூட்டில் இப்படித்தான் விட்டுவிடும். சுருளுக்குள் தெறித்த மெல்லிய கம்பி குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும். டொயோட்டாவின் இந்த வகைச் சென்சர்கள் குளிர்ந்திருக்கும்போது 1,600 முதல் 2,700 ஓம் வரையும் சூட்டில் 2,100 முதல் 3,200 வரையும் காட்டவேண்டும். கராஜுக்கு வந்து சேரும்போது அது ஆறிப்போய்ச் சரியான அளவைத்தான் காட்டும். நின்ற இடத்திலேயே, சூட்டோடு அளந்தால்தான் உண்மை வரும்.

மீட்டர் இல்லாத இடத்தில் ஸ்கேனரில் எஞ்சின் சுற்றும் வேகத்தை (ஆர்பிஎம்) பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 200 அளவில் ஒரு எண் வந்தால் கிராங்க் சிக்னல் வருகிறது, வேறெங்காவது தேடவேண்டும். எஞ்சின் சுற்றியும் பூச்சியத்திலேயே நின்றால் சிக்னல் இல்லை. இந்தச் சென்சர் ஒரு பற்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டொயோட்டாக்களில் 36 பல்லுக்கான இடத்தில் 2 பல் இருக்காது, அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்று ஈசியூ கணக்கிடுகிறது. சென்சரின் முனை காந்தம் என்பதால் இரும்புத் தூள் ஒட்டும். ஒட்டினால் பல் தெளிவாகத் தெரியாது. புதியது வாங்குமுன் பழையதைக் கழற்றி முனையைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள்.

சென்சர் உண்மையைச் சொல்லும்போது அதையே மாற்றுவது இன்னொரு வகைப் பிழை. பி0087, அதாவது ரெயில் அழுத்தம் போதாது என்ற கோட், இதற்கு நல்ல உதாரணம். அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று சென்சர் சரியாகச் சொல்கிறது. நாம் அதைக் கழற்றி எறிகிறோம். 2கேடி எஞ்சினில் ஐட்லிங்கில் 30 முதல் 40 மெகாபாஸ்கல் இருக்கவேண்டும். அது தளம்பினால் முதலில் டீசல் பில்டரைப் பாருங்கள். வயல் வேலைக் காலத்தில் டிராக்டருக்கு வாங்கி பரலில் வைத்த டீசலையே பிக்கப்புக்கும் ஊற்றுகிறவர்கள் உண்டு. மழைக்காலத்தில் பரலுக்குள் தண்ணீர் சேரும். பில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது எத்தனை பேருக்குப் பழக்கம்? அடுத்து, டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் ரெயிலுக்குப் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும், பம்பில் உள்ள எஸ்சிவி வால்வு. ஹைலக்ஸிலும் எல்200-இலும் அது இறுகிப் பிடித்து, ஐட்லிங் ஏறி இறங்கி, எஞ்சின் நின்றுபோவது அடிக்கடி காண்கிற பழுது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். எஞ்சின் ஓடும்போது ரெயில் குழாய்களைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கத்தை இந்த எஞ்சின்களில் செய்யாதீர்கள். 100 மெகாபாஸ்கலைத் தாண்டும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கையையே இழக்க நேரலாம்.

காற்று அளக்கும் சென்சரில் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பி இருக்கிறது. வயல்வழித் தூசி அதில் படிந்தால் குறைவாகக் காட்டும். அதற்கென்றுள்ள ஸ்பிரேயை அடித்து, கையால் தொடாமல் காயவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

எலியைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பெரும்போக அறுவடை முடியும் காலத்தில் வயலில் சாப்பாடு தீர்ந்த எலிகள் வீட்டுப் பக்கம் வருகின்றன. நெல் மூடை ஏற்றிய வாகனத்தில் சிந்திய மணி, இரவில் எஞ்சினின் இளஞ்சூடு இரண்டும் அவற்றுக்குப் பிடிக்கும். எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத்தான் ஆகவேண்டும். வயர் கட்டு எஞ்சினுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் கடிபட்டிருக்கும். எஞ்சின் மேல் உமியோ எச்சமோ கண்டால் எந்த ஸ்கேனரையும் குத்துமுன் கட்டுகளை அவிழ்த்துப் பாருங்கள். வெள்ளம் பார்த்த வாகனத்துக்கும் அதே கதைதான். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் கடைசியிலும் இந்த மாவட்டங்களில் தண்ணீரில் நின்ற வாகனங்களின் தரைவிரிப்புக்குக் கீழே ஓடும் இணைப்புகள் மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருந்து, பிறகு மெல்லப் பூக்கும். பழைய வாகனம் வாங்குகிறவர் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

ஸ்கேனர் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1996 முதல் ஒரே மாதிரியான சோதனை முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001-இலும் டீசல் கார்களுக்கு 2004-இலும் வந்தது. நம் பக்கம் வந்த பிக்கப்களுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. ஆகவே 16 பின் சொக்கட் இருந்தாலும் போனோடு இணைக்கும் மலிவான புளூடூத் கருவி பேச மறுத்தால் ஈசியூ செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. டொயோட்டா என்றால் அந்தச் சொக்கட்டின் 4-ஆம், 13-ஆம் பின்களை ஒரு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்கே கோடைச் சிமிட்டிக் காட்டும். இரண்டு சிமிட்டல், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு சிமிட்டல் என்றால் 22, அது தண்ணீர் வெப்பச் சென்சரின் சுற்று. இடைவெளியே இல்லாமல் வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தால் கோட் ஏதும் இல்லை. பின்னை எண்ணும்போது நிதானம் வேண்டும். 16-ஆம் பின்னில் நேரடியாகப் பெட்டரியின் மின்சாரம் இருக்கிறது, அதை 4-ஆம் பின்னோடு முட்டவிட்டால் பியூஸ் போகும்.

எப்போதாவது மட்டும் வரும் பிழைதான் பொறுமையைச் சோதிப்பது. கோட் பதிவான நேரத்தில் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்ற பதிவைப் பல ஈசியூக்கள் சேர்த்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். அதனால் முதலில் படம் எடுங்கள், அப்புறம் அழியுங்கள். வாகனக்காரரும் உதவலாம். மழையிலா, வெயிலிலா, குழியில் விழுந்தபோதா, பாரம் ஏற்றியபோதா என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால் மெக்கானிக்கின் வேலை பாதியாகும். கராஜில் எஞ்சினை ஓடவிட்டு, அளவைப் பார்த்துக்கொண்டே வயர் கட்டை இடம் இடமாக ஆட்டுங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் உப்புக் கலந்த தண்ணீரைச் சொக்கட்டுகள் மேல் ஒவ்வொன்றாகப் பூத்தெளிப்பானால் மெல்லத் தெளியுங்கள். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அங்கேதான் ஈரம் புகுகிறது. பிறகு நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட மறக்கக்கூடாது.

வயரைத் திருத்தும்போது முறுக்கி டேப் சுற்றுவது இந்தக் காற்றுக்கு ஆறு மாதம் கூடத் தாங்காது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. நசுக்கி இணைக்கும் நல்ல கிரிம்ப் போட்டு, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினால் தண்ணீர் போகாது. ஈயம் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்துவிடும், எஞ்சின் ஆட்டத்துக்கு அதன் ஓரத்தில் முறியலாம். ஆகவே வயரை அருகிலேயே கட்டி நிறுத்தவேண்டும். சொக்கட்டுக்குள் மின்காப்புக் கிரீஸை மெல்லியதாகப் பூசலாம். அது மின்சாரத்தைக் கடத்தாது, ஈரத்தை மட்டும் தடுக்கும். அள்ளி அடைப்பது தேவையில்லை.

சென்சர்தான் பழுது என்று சோதனை சொல்லிவிட்டால் எதை வாங்குவது? பெட்டியில் உள்ள பெயரை நம்பமுடியாத அளவுக்குப் போலிகள் உண்டு. கிராங்க் சென்சரும் காற்று அளக்கும் சென்சரும் என்றால், மலிவான புதிய போலியை விட, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய வாகனத்திலிருந்து வரும் அசல் பழையது மேல் என்பேன், கடையிலேயே மீட்டர் பிடித்துப் பார்த்தால். வெப்பச் சென்சரை வெந்நீரில் போட்டு அளக்கலாம். எதுவானாலும் பூட்டுமுன் அளப்பது, "புதுசு போட்டாச்சு, ஆகவே அது இல்லை" என்ற தவறான முடிவிலிருந்து காப்பாற்றும்.

ஈசியூவைக் கடைசியாகத்தான் சந்தேகிக்கவேண்டும். பெட்டரி வோல்ட்டும் எர்த்தும் ஈசியூவின் பின்னிலேயே சரியாக வருகின்றன, சென்சரின் சிக்னலும் அதே பின் வரை ஒழுங்காக வந்து சேர்கிறது, ஆனால் ஸ்கேனரில் மட்டும் அந்த அளவு வரவில்லை என்றால்தான் உள்ளே பழுது. அப்போதும் மூடியைக் கழற்றி, பலகையில் தண்ணீர்க் கறையோ பச்சையோ இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு வாகனத்தின் ஈசியூவைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்கள், தன் சாவியை அடையாளம் கண்டால் மட்டும் எஞ்சினை ஓடவிடும் இம்மொபிலைசர் உள்ள வாகனம் என்றால் அதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்யாமல் எஞ்சின் பிடிக்காது என்பதைத் தெரிந்திருக்கவேண்டும்.

திருத்திய பிறகு விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து வாகனத்தை ஒப்படைக்கக்கூடாது. சில பிழைகளுக்கு ஈசியூ இரண்டு ஓட்டத்தில் தொடர்ந்து கண்டால்தான் விளக்கை எரியவிடும், அதுவரை நிலுவைக் கோடாக உள்ளே வைத்திருக்கும். அதனால் பிழை முதலில் எந்த நிலைமையில் வந்ததோ அதே நிலைமையில் ஓட்டிப் பார்க்கவேண்டும். வெயிலில் நின்றது என்றால் வெயிலில், பாரத்தோடு வந்தது என்றால் பாரத்தோடு. இரண்டு முறை அப்படி ஓட்டி, இரவு ஆறவிட்டு, மறுநாள் காலையில் நிலுவைக் கோடையும் மூன்று வெப்ப அளவுகளையும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம்.